ஈரத் தீக்குச்சி

“யார் இது?” என்று கேட்டார் நேவியோ கிங்கெலா.

பாடிக்கொண்டிருந்தது நேவியோ கிங்கெலாதான்.

ரியேகா துறைமுகத்தின் பழைய கயிற்றாலைக் கூடத்தில், அந்தச் சனிக்கிழமைப் பகலில், முந்நூறு பேர் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஆள் கிடையாது. ஒரு மேஜை. அதன்மேல் ரெக்கார்ட் பிளேயர். அதில் சுழலும் கறுப்புத் தட்டு. இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். கூட்டத்துக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. தட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தவர் அத்தனை பேருக்கும் ஒயின் வாங்கித் தர வேண்டும்.

சட்டம் போட்ட நாளிலிருந்து அதை மீறிய முதல் ஆள், தட்டில் பாடியவரே.

பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். நேவியோவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த ஓண்டினா, அவர் காதருகே குனிந்தாள்.

“நீங்கதான், பார்பா.”

அந்தக் கடற்கரையில் நரைத்த ஆண்கள் எல்லோருமே பார்பாதான். மீன் பிடித்தாலும் சரி, கிடார் பிடித்தாலும் சரி.

“நானா?” என்றார் கிழவர். ஓண்டினா அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை அவர். உண்மையாகவே தெரியவில்லை.

எழுபதுகளில் நேவியோ கூவினால் துறைமுகச் சங்குக்கு அன்றைக்கு லீவு என்பார்கள். அப்படிப்பட்ட குரல். அந்தக் குரல் கடைசியாகப் பதிவானது தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஆல்பத்தின் பெயர் ‘ஈரத் தீக்குச்சி’. அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. ராக் பாடகனுக்கு அது பென்ஷன் வயது. ஊரே ஒரு கடைசி வெடிக்காகக் காத்திருந்தது.

வந்தது வெடியில்லை. இழவு. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அடித்தொண்டைக் குரல். சவ ஊர்வலத்துக்குக் கொட்டுவது போல டிரம்ஸ். இருட்டில் கிடார் எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தது.

சில்வானோ அப்போது மாணவர் பத்திரிகையில் இசை விமரிசகன். இருபத்து மூன்று வயது. ஆள் குள்ளம், பேனா நீளம். “மூழ்கிப்போனவன் தரைக்கு வந்து பாடுகிறான்” என்று தலைப்புப் போட்டான். “ஈரத் தீக்குச்சியாம். தலைப்பையே வாக்குமூலமாக வைத்திருக்கிறார்” என்று முடித்தான். நேவியோவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று ஒரு வதந்தி, குடல் வரைக்கும் குடி என்று இன்னொன்று. மீன் சந்தையில் மத்தி விற்கிற பெண்கள் அவரைக் கண்டால், “நேவியோ, முழிச்சுக்கோய்யா! சந்தை கலைஞ்சாச்சு!” என்று கத்தினார்கள். வெளியீட்டுக் கச்சேரிக்குத் தேதி குறித்திருந்தது. நாடு உடைந்து யுத்தம் வந்தது. கச்சேரி நின்றது.

நேவியோ கிரெஸ் தீவுக்குப் படகேறினார். படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவர் பாடி யாரும் கேட்டதில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஓண்டினாவுக்குப் பதினைந்து வயது. அண்ணன் எல்விஸ் சீருடை மாட்டிக்கொண்டு போனான். பெட்டியில் வந்தான். அவன் மேஜை டிராயரில் ஒரு கேசட் இருந்தது, ‘ஈரத் தீக்குச்சி’ என்று அவன் கையெழுத்தில். வீட்டில் யாரும் பேசாமல் இருந்த அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் போர்வைக்குள் அதைக் கேட்டாள். ஊர் சிரித்த அதே குரல் அவளுக்குச் சிரிப்பாக இல்லை. செத்தவனோடு கூட நடந்துவிட்டுத் திரும்பியவன் குரல் போல இருந்தது. மூன்றாவது பாட்டு ‘புரா’. அதன் நடுவில் கனமான கதவு ஒன்று மூடிக்கொள்ளும் ஓசை வரும். அந்த இடத்தில் அவள் தினமும் அழுதாள். அழுது முடித்ததும் பள்ளிக்கூடம் போனாள்.

வளர்ந்து உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளரானாள். ஒரு மழைக் காலையில், மேலிடத்தில் கேட்காமல், ‘புரா’வை ஒலிபரப்பினாள். போன்கள் அடித்தன. யார் இந்த ஆள்? எந்த நாடு? இப்போது உயிரோடு இருக்கிறாரா? கேட்டவர்களில் பாதிப் பேர் ஆல்பம் வந்தபோது பிறக்காதவர்கள்.

மெல்ல மெல்லக் காற்று திசை மாறியது. “காலத்துக்கு முன்னால் வந்த ஆல்பம்” என்று ஜாக்ரெப் பத்திரிகைகள் எழுதின. ரசிகர் சங்கம் பிறந்தது. ‘நிதானக்காரர்கள்’ என்று அதற்குப் பெயர். சின்னப் பையன்கள் ‘மெதுவாகச் சாவோம்’ என்று பனியனில் அச்சடித்துக்கொண்டார்கள். சில்வானோ தன் பழைய விமரிசனத்தைத் தானே கிழித்து, பொதுக்கூட்டத்தில் ஒயினில் ஊறவைத்துத் தின்றான். சங்கத்தின் உபதலைவர் பதவி கிடைத்தது.

தலைவி ஓண்டினா. கட்டுரைமேல் கட்டுரையாக எழுதினாள். மக்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. புரா என்பது வடக்கேயிருந்து இறங்கிப் பாலத்தில் லாரியைக் கவிழ்க்கிற காற்றாயிற்றே, அதைப் பற்றிய பாட்டு ஏன் நத்தை மாதிரி ஊர்கிறது? அதற்கு அவள் எழுதிய பதில் எல்லோருக்கும் மனப்பாடம்: “இது காற்றைப் பற்றிய பாட்டு அல்ல. காற்று வருவதற்கு முன் கடல் பிடித்து வைத்திருக்கும் மூச்சைப் பற்றிய பாட்டு.”

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஆல்பத்தை மறுபடி வெளியிட ஒரு கம்பெனி தயார். நேவியோ சரி என்று சொல்ல வேண்டும். போன் செய்தால், “இங்க எஞ்சின்தான் ரிப்பேர் பண்றோம், பாட்டு இல்லை” என்று வைத்துவிடுவார். ஓண்டினா தீவுக்கே போனாள். கிரீஸ் கையோடு வந்த கிழவரிடம் ஒரே வாக்கியம் சொன்னாள். “ஊரு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நிக்குது, பார்பா. ஒரு தடவை வாங்க.”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“மரேண்டா உண்டா?”

“குடல் குழம்பும் சோளக்களிப் பொலேந்தாவும்.”

“அப்ப வரேன்.”

வந்துவிட்டார். பதினொரு மணிக்கு, மரேண்டா என்கிற முற்பகல் சாப்பாட்டில், மூன்று தட்டு குடல் குழம்பு சாப்பிட்டார். பையன்கள் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். பெண்கள் அழுதார்கள். சில்வானோ முழங்காலில் விழுந்தே விட்டான். “எழுந்திரு, நின்னாலும் இதே உயரம்தானே நீ” என்றார் நேவியோ. கூடம் அதிர்ந்தது. இதோ, நடந்துவிடும் என்று ஓண்டினா நினைத்தாள். கையெழுத்து என்ன, மேடையேறி ஒரு பாட்டே பாடிவிடுவார் போலிருந்தது.

அன்றைக்கு ஒரு விசேஷம் வேறு. வருஷா வருஷம் அவர்கள் கேட்பது பழைய கேசட்டிலிருந்து எடுத்த பிரதியைத்தான். இந்த முறை ட்ரியெஸ்டேவில் ஒருவர் வீட்டுப் பரணில் அசல் இசைத்தட்டே கிடைத்திருந்தது. கை படாதது. சில்வானோ அதைக் கைக்குழந்தை போலத் தூக்கி வந்து வைத்தான். ஊசி இறங்கியது.

அப்போதுதான் அவர் கேட்டார், யார் இது என்று.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது ஆரம்பித்தது. நேவியோ கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய வலது கை முழங்காலில் தாளம் போடப் பார்த்தது. ஓண்டினா கவனித்தாள். கை முன்னால் ஓடியது, பாட்டு பின்தங்கியது. கை நின்று, காத்திருந்து, மறுபடி ஓடியது. மறுபடி நின்றது.

கண்ணைத் திறந்தார்.

“சுற்று குறைச்சல்” என்றார். உரக்கவே சொன்னார்.

“உஷ்!” என்றது கூடம், செல்லமாக.

“உஷ் என்ன உஷ்? இந்த எஞ்சினுக்குச் சுற்று குறைச்சல்யா.”

எழுந்தார். நாற்காலி சாய்ந்தது. மேடைப் படியில் ஏறினார். குறுக்கே ஓடி வந்தான் சில்வானோ.

“பார்பா, தொடாதீங்க. அசல் தட்டு. உலகத்துலயே நல்ல நிலைமையில இருக்கறது இது ஒண்ணுதான்!”

“நகரு.”

நேவியோ தட்டைத் தொடவே இல்லை. பிளேயரின் ஓரத்தில் இருந்த சின்ன வேக நெம்புகோலைப் பார்த்தார். நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் இருந்தது. ஒற்றை விரலால், இத்தனை வருஷம் படகு எஞ்சின்களைத் தட்டிய விரலால், அதை நாற்பத்தைந்துக்குத் தள்ளினார்.

க்ளிக்.

ஸ்பீக்கர்கள் பாய்ந்தன.

ஓண்டினாவின் முதல் எண்ணம், யாரோ தட்டை மாற்றிவிட்டார்கள் என்பதுதான். டிரம்ஸ் படிக்கட்டில் உருண்டு வந்தது. கிடார் கத்தி தீட்டியது. அதற்கு மேலே அந்தக் குரல். உச்சியில், வெயிலில், பல்லைக் காட்டிச் சிரித்தபடி, கொஞ்சம் ஆபாசமாகக்கூட. சங்குக்கு லீவு கொடுத்த அதே குரல். இரண்டாவது பாட்டு பறந்து முடிந்து மூன்றாவது வந்தது. ‘புரா’. கடல் பிடித்து வைத்த மூச்சு ஒன்றும் அங்கே இல்லை. புராவேதான் அடித்தது. கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பாட்டின் நடுவில், அவள் வருஷக்கணக்காக அழுத இடத்தில், அந்தக் கதவு மூடவில்லை.

பட்டென்று ஏதோ ஒடிந்தது.

“குச்சி!” என்று மேடையிலிருந்து கத்தினார் நேவியோ, சந்தோஷமாக. “டிரம்ஸ் குச்சி ஒடிஞ்சிருச்சு! ஒடிஞ்ச குச்சியோடயே அடிச்சான் மடையன்! ஒரே டேக்!”

ஓண்டினா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கம் ஓடி முடிந்தது. ஒருவரும் பேசவில்லை. இப்போது பேச அனுமதி இருந்தும் பேசவில்லை.

முதலில் வாய் திறந்தவன் சில்வானோ. குரல் கீச்சிட்டது.

“பெரிய தட்டு... பெரிய தட்டுன்னா முப்பத்துமூணுதானே? சின்னத் தட்டுதானே நாற்பத்தஞ்சு? இது பால்குடி மறக்கறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியுமே!”

“நாற்பத்தஞ்சுல வெட்டுங்கடான்னு நான்தான் சொன்னேன். சத்தம் பெரிசா விழும்னு.”

“எழுதலையே! உறையில எழுதலை, நடுவுல ஒட்டற காகிதத்துலயும் எழுதலை. வெறும் வெள்ளைக் காகிதம்!”

“உறை இங்க அச்சாச்சு. தட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் அச்சாச்சு. நடுவுல யுத்தம் வந்து உக்காந்துக்கிச்சு. ஒரு பெட்டிதான் எல்லை தாண்டி வந்தது. எனக்குன்னு ஒண்ணுகூட எடுத்து வெச்சுக்கலை நான். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துட்டேன்.”

ஓண்டினாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெட்டியில் ஒன்று சில்வானோவுக்குப் போனது. அவன் மெதுவாக ஓட விட்டுக் கேசட்டில் பதிவு செய்தான். கேசட்டில் வேகத்தை மாற்ற முடியாது. அதிலிருந்து பத்து, பத்திலிருந்து நூறு. ஊர் கேட்டதெல்லாம் சில்வானோவின் கேசட்டின் பேரப்பிள்ளைகள். தட்டு கிடைத்தவர்களும் விமரிசனத்தைப் படித்துவிட்டு, அதே முப்பத்துமூன்றில் வைத்து, ஆமாம் இழவுதான் என்று தலையாட்டியிருக்கிறார்கள். மெதுவாக ஓடினால் அது ஒரு முழு ஆல்பத்தின் நீளத்துக்குச் சரியாகவும் வந்து தொலைத்தது. சந்தேகப்பட வழியே இல்லை.

ஊர் சிரித்தது இல்லாத ஆல்பத்தைப் பார்த்து. ஊர் கும்பிட்டதும் இல்லாத ஆல்பத்தைத்தான்.

“ஆக,” என்றார் நேவியோ மெதுவாக, “முழிச்சுக்கோ முழிச்சுக்கோன்னு சந்தையில கத்தினாங்களே... எனக்கு மண்டை காஞ்சுது. ஓடற பாட்டைக் கேட்டுட்டு ஏன்டா முழிச்சுக்கோங்கறாங்கன்னு.” தலையை ஆட்டினார். “தூங்கினது நான் இல்லை, ஊருதானா?”

அவர் சிரிக்கப் போகிறார் என்றே தோன்றியது. அதற்குள் பின்வரிசையில் ‘மெதுவாகச் சாவோம்’ பனியன் போட்ட ஒரு பையன் எழுந்தான்.

“பழைய மாதிரியே போடுங்க! மெதுவாப் போடுங்க!”

“வாயை மூடு, எருமை!” என்றாள் ஒரு பெண்.

“நீ மூடு! இதுல என்ன இருக்கு? சாதாரண ராக் பாட்டு. ஆயிரம் பேர் பாடியிருக்கான். அது... அது வேற!”

“முப்பத்துமூணு!” என்று இன்னொரு குரல். “முப்பத்துமூணு! முப்பத்துமூணு!” பாதிக் கூடம் காலால் தரையைத் தட்டியது. மீதிப் பாதி அவர்களைத் திட்டியது. ஒரு கண்ணாடிக் கோப்பை உடைந்தது.

நேவியோ மேடையில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சத்தை யாரோ சுவிட்சைப் போட்டு அணைத்தது போல இருந்தது.

“அன்னிக்கும் என் பாட்டு உங்களுக்கு வேண்டாம்,” என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. “இன்னிக்கும் வேண்டாம். குழம்பு நல்லா இருந்துச்சு.”

தோள்பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார்.

ஓண்டினா துறைத்தளத்தில் அவரைப் பிடித்தபோது, கிரெஸ் படகு கட்டையில் வந்து உரசிக்கொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

“பார்பா, நில்லுங்க!”

“கையெழுத்து கிடையாது. எந்த வேகத்துலயும் கிடையாது.”

“கையெழுத்துக்கு வரலை.”

“பின்ன?”

இத்தனை வருஷமாக மைக் முன்னால் வார்த்தைகளை அலங்கரித்தவள் அவள். இப்போது இருந்ததை அப்படியே சொன்னாள். எல்விஸைப் பற்றி. டிராயரைப் பற்றி. போர்வைக்குள் கேட்டதைப் பற்றி. கதவு மூடும் ஓசையைப் பற்றி.

“அந்தக் குரல்தான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்புச்சு, பார்பா. நீங்கன்னு நினைச்சேன். என்னிக்காவது உங்ககிட்ட வந்து சொல்லணும்னு இருந்தேன். இப்ப அது நீங்களும் இல்லையாம். யாருமே இல்லையாம். ஒரு நெம்புகோல் தப்பா இருந்துச்சாம். நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?”

படகிலிருந்து மாலுமி எட்டிப் பார்த்தான். “பார்பா, ஏறறீங்களா இல்லையா?”

நேவியோ அவனுக்குக் கையைக் காட்டினார், இரு என்று. ஓண்டினாவைப் பார்த்தார். கோபம் இல்லை. எஞ்சினைத் திறந்து உள்ளே பார்க்கிற பார்வை.

“பொண்ணே, அந்தப் பாட்டுல சாவே கிடையாது. என் மச்சானோட மீன்பிடிப் படகு புராவுல மாட்டி, வலை போயி, நிஜார் போயி, சிரிச்சுக்கிட்டே கரைக்கு வந்தான். அதைத்தான் எழுதினேன். கேளு, இப்படி வரும்.”

பையைத் தோளில் வைத்தபடியே, தொண்டையைக் கனைத்து, ‘புரா’வின் முதல் வரியைப் பாடினார்.



அவர் வேகமாகத்தான் ஆரம்பித்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை. எழுபத்தொன்பது வயது நெஞ்சு, முதல் வரியின் பாதியிலேயே, பாட்டைத் தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டது. உச்சியில் எட்ட வேண்டிய ஸ்வரம் எட்டவில்லை. குரல் இறங்கியது, இன்னும் இறங்கியது, எத்தனையோ வருஷச் சிகரெட்டும் டீசல் புகையும் உப்புக் காற்றும் படிந்த அடிமட்டத்துக்குப் போய் அங்கே நின்றது. அங்கிருந்து இரண்டாவது வரி வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

அந்த இழுவை. அந்தக் கரகரப்பு. ‘கடல்’ என்ற சொல்லில் வருகிற அந்தச் சின்ன நடுக்கம்கூட.

போர்வைக்குள் கேட்ட அதே குரல். பட்டப்பகலில், துறைத்தளத்தில், பையைச் சுமந்துகொண்டு, அவள் எதிரே நின்று பாடியது.

மூன்றாவது வரியில் நேவியோ நிறுத்தினார். அவருக்கும் கேட்டுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தானே அந்த அந்நியனைக் கூடத்தில் கேட்டார். கை தானாகவே தொண்டைக்குப் போனது.

“யார் இது?” என்றார்.

ஓண்டினா அவர் அருகே வந்தாள்.

“நீங்கதான், பார்பா.”

பின்னால் சரளைக் கல்லில் காலடிகள் கேட்டன. கூடத்திலிருந்து அவர்கள் வந்திருந்தார்கள். பனியன் பையன், அவனைத் திட்டிய பெண், எல்லோருக்கும் முன்னால் வியர்த்து வழிந்தபடி சில்வானோ. எப்போது வந்தார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்று தெரியவில்லை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சட்டம் அப்படி. பக்கம் இன்னும் முடியவில்லை.

மாலுமி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான்.

“கிளம்பு” என்று அவனிடம் சொன்னார் நேவியோ. தோள்பையை இறக்கிக் கல்தரையில் வைத்தார். மறுபடி தொண்டையைக் கனைத்தார். இந்த முறை வேகமாகப் பாடப் பார்க்கவே இல்லை.